தண்ணீரில் மிதந்த கல் நான்காம் நாள் மூழ்கியது ஏன்?

கேள்வி: போன மாதம் குடும்பத்தோடு தனுஷ்கோடி போயிருந்தோம். அரிச்சல்முனைக்குக் கொஞ்சம் முன்னால் கரையில் சாம்பல் நிறத்தில் உள்ளங்கை அகலக் கல் ஒன்று கிடந்தது. கையில் எடுத்தால் ரொட்டி மாதிரி லேசு, 140 கிராம்தான். திரும்பும் வழியில் ஒருவரிடம் ‘மிதக்கும் கல்’ என்று சொல்லி விற்ற வெள்ளைக் கல் ஒன்றும் வாங்கினோம். அதன் மேல் சின்னச் சின்னப் பூக்களை வரிசையாக அச்சடித்தது போல இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் வாளித் தண்ணீரில் போட்டோம். வெள்ளைக் கல் உடனே மூழ்கிவிட்டது. சாம்பல் கல் மூன்று நாள் மிதந்து, நான்காம் நாள் காலையில் வாளியின் அடியில் கிடந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தேன். அங்கங்கே மட்டும் நுரைத்தது. இவை என்ன கல்? சாம்பல் கல்லை மறுபடி மிதக்க வைக்க முடியுமா? சேதுவுக்குப் போட்ட கல் என்று மாமியார் சொல்கிறார். இரண்டையும் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?
– பரமக்குடி வாசகி

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தது எரிமலை நுரைக்கல். வெள்ளையாக இருப்பது பவளத்தின் எலும்புக்கூடு. இந்தக் கரையில் முருகைக்கல் என்றும் சொல்வார்கள். முதலாவதை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை வைத்திருக்கக் கூடாது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் மிதப்புக் கணக்கைப் பார்ப்போம்.

எரிமலைக் குழம்பு வெடித்து வெளியேறும்போது அதற்குள் கரைந்திருந்த ஆவி பொங்கி, குழம்பு நுரைத்து, நுரைத்த நிலையிலேயே கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்ததும் பொங்கும் நுரை அப்படியே கல்லாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடி தண்ணீரைப் போல ஏறத்தாழ 2.4 மடங்கு கனம். ஆனால் கல்லின் பருமனில் பத்தில் ஏழு பங்கு வெற்றுக் குமிழியாக இருந்தால், மொத்தக் கல்லின் அடர்த்தி 2.4-இல் பத்தில் மூன்று பங்கு, அதாவது 0.72. தண்ணீர் 1. அதனால்தான் மிதக்கிறது.

உங்கள் கல்லின் அடர்த்தியைச் சமையலறை டிஜிட்டல் தராசிலேயே கண்டுபிடிக்கலாம். நன்றாகக் காய்ந்த கல்லை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக்கமாகச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் அளந்துகொண்டிருக்கும்போதே கல் தண்ணீரைக் குடித்துவிடும். ஒரு பாத்திரத்தில் முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லைத் தண்ணீரில் வைத்து, மெல்லிய கம்பி முனையால் முழுவதும் அமிழும்வரை அழுத்துங்கள். பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ கல் தொடக் கூடாது. அப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லிலிட்டர் கல்லின் பருமன். விரல் வேண்டாம், கம்பிதான். விரல் முனையும் அமிழ்ந்தால் அதன் பருமனும் கணக்கில் சேர்ந்துவிடும்.

உங்கள் 140 கிராம் கல்லுக்கு 190 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 140-ஐ 190-ஆல் வகுத்தால் 0.74. மிதக்கும்போது கல்லில் முக்கால் பங்கு தண்ணீருக்குள்ளும் கால் பங்கு வெளியிலும் தெரியும். இந்தக் கல் மூழ்க வேண்டுமானால் மொத்த எடை 190 கிராமைத் தாண்ட வேண்டும். 50 கிராம் தண்ணீர் உள்ளே போனால் போதும். கல்லின் குமிழிகளில் இருக்கும் காற்று சுமார் 132 மில்லிலிட்டர். அதில் பாதிகூட நிறையாமலே, 82 மில்லிலிட்டர் காற்றை வயிற்றில் வைத்துக்கொண்டே கல் அடிக்குப் போய்விடுகிறது. மிதக்கும் கல் திடீரென்று மூழ்குவதைப் பார்த்து ‘சக்தி போய்விட்டது’ என்று பலர் வருந்துவதற்குக் காரணம் இதுதான். மூன்று நாளும் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே இருந்திருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம்.

கடல் நீரின் அடர்த்தி சுமார் 1.025. அதனால் அதே கல் கடலில் மூழ்க இன்னும் 5 கிராம் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட நல்ல வழி இது: நன்னீரில் மூழ்கிய கல்லை அன்றே எடுத்து, லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் போடுங்கள். அப்போதுதான் மூழ்கிய கல் என்றால் மறுபடி எழும்பும். ஒரு நாள் விட்டுச் செய்தால் எழும்பாது.

கடலில் எத்தனையோ நாள் மிதந்து வந்த கல் உங்கள் வாளியில் மூன்றே நாளில் மூழ்கியதற்கு நீங்கள் செய்த இரண்டு காரியங்கள் காரணம். ஒன்று, சூடாகப் போட்டது. வெயிலில் கல்லின் குமிழிக் காற்று விரிந்து, கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. அந்தக் கல்லைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டதும் உள்ளே மிச்சமிருக்கும் காற்று சுருங்கி, வெளித் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. இரண்டாவது, சோப்பு. குமிழிக்கும் குமிழிக்கும் நடுவே இருக்கும் குறுகிய கழுத்துகளில் தண்ணீர் ஒரு மூடிபோல நின்று உள்காற்றைச் சிறைப்பிடிக்கிறது. அந்த மூடியைத் தாங்குவது நீரின் பரப்பு இழுவிசை. சோப்பு அதைத் தளர்த்திவிடும். இனி எந்த மிதக்கும் கல்லையும் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் போதும்.

ராமநாதபுரம் கரையில் எங்கும் எரிமலை கிடையாது. இங்குள்ளவை மணற்கல்லும் முருகைச் சுண்ணாம்புக்கல்லும்தான். ஆகவே நுரைக்கல் கடல் கடந்து மிதந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இது நம்ப முடியாத தூரம் இல்லை. 1883 ஆகஸ்ட் 27-இல் சாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது கக்கிய நுரைக்கல் பெரும் தெப்பங்களாக இந்தியப் பெருங்கடல் முழுவதும் மிதந்து, அடுத்த ஆண்டு ஆப்பிரிக்காவின் சான்சிபார் கரைவரை போய் ஒதுங்கியது. 2021 ஆகஸ்டில் சப்பானுக்குத் தெற்கே கடலடி எரிமலை ஒன்று வெடித்தது. இரண்டு மாதத்தில் அதன் நுரைக்கல் ஒகினாவாவின் மீன்பிடித் துறைமுகங்களை அடைத்து, படகு எஞ்சின்களுக்குள் புகுந்து, மீனவர்களைக் கரையிலேயே நிறுத்திவிட்டது.

உங்கள் எலுமிச்சைச் சோதனை நல்ல சோதனைதான். ஆனால் அதில் தவறு நடக்க இரண்டு வழி உண்டு. பவளம் சுண்ணாம்பால் ஆனது, எரிமலைக் கண்ணாடி அப்படியல்ல. அமிலம் பட்டால் சுண்ணாம்பு நுரைக்கும், கண்ணாடி சும்மா இருக்கும். ஆனால் கடலில் மிதந்த நுரைக்கல்லின் மேல் கொட்டலசும் (படகடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர்) புழுக் குழாய்களும் ஒட்டி வளர்ந்திருக்கும். அவையும் சுண்ணாம்பு. உங்கள் கல்லில் அங்கங்கே மட்டும் நுரைத்தது அவற்றில்தான். இன்னொன்று, காய்ந்த நுரைக்கல்லில் எந்தத் திரவத்தை விட்டாலும் துளைக்காற்று குமிழியாக வெளியே வரும்; அதை நுரைப்பு என்று எண்ணிவிடலாம். அதனால் முதலில் ஓர் ஓரத்தில் வெறும் தண்ணீர் விட்டு, குமிழி அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு அதே இடத்தைக் கத்தி முனையால் சுரண்டி, உள் பரப்பில் வினிகர் இரண்டு சொட்டு விடுங்கள். ‘சொர்ர்’ என்று விடாமல் நுரைத்தால் சுண்ணாம்பு. கழிப்பறை ஆசிடை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கையும் போகும், கல்லும் போகும்.

பழைய கண்ணாடி பாட்டிலின் மேல் அழுத்திக் கீறினால் நுரைக்கல் கோடு போடும், பவளம் போடாது. இன்னும் எளிது பூதக்கண்ணாடி. நுரைக்கல்லின் துளைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சில இடங்களில் இழுத்த சர்க்கரைப் பாகுபோல நீண்டு இழைஇழையாக இருக்கும். பவளத்தில் ஒரே அளவான கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கோப்பைக்குள்ளும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலத் தடுப்புகள் நடுவை நோக்கி வரும். நீங்கள் பார்த்த ‘பூ அச்சு’ அதுதான். ஒவ்வொரு பூவும் ஒரு பவள உயிரி உட்கார்ந்திருந்த இடம்.

பவள எலும்புக்கூடு மிதக்குமா என்றால், மிதக்கும், ஆனால் அபூர்வம். அதன் சுண்ணாம்பின் அடர்த்தி 2.93. கடலில் மிதக்க வேண்டுமானால் பருமனில் நூற்றுக்கு 65 பங்கு காற்று இருக்க வேண்டும். அந்தக் காற்றும் வெளியேற வழியில்லாத அறைகளில் அடைபட்டிருக்க வேண்டும். பெரும்பாலான பவளத்தில் இரண்டும் அமைவதில்லை. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பிய அந்தச் சுவர்களில் பவளக் கற்களின் கோப்பை வரிசை நன்றாகத் தெரியும். கட்டடம் கட்டுகிற அளவுக்குக் கனமான கல் அது.

இப்போது அந்த வெள்ளைக் கல். பாறை கட்டும் பவளங்களை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். செத்ததா உயிருள்ளதா, கரையில் ஒதுங்கியதா வெட்டி எடுத்ததா என்ற பேதமே இல்லை. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டுவரை நீளக்கூடிய சிறைத்தண்டனை உண்டு. கையில் வந்துசேர்ந்த இப்படிப்பட்ட பொருளை 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. அதனால் இன்னும் தள்ளிப்போடாமல் வனத்துறை அலுவலகத்துக்கு எடுத்துப்போய், எங்கே எப்படி வாங்கினீர்கள் என்று எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிடுங்கள். பயந்துகொண்டு குப்பையிலோ கண்மாயிலோ எறிய வேண்டாம். மண்டபத்திலிருந்து தூத்துக்குடிவரை 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பார்கள், அதாவது பவளப் பாறைத் திட்டுகள்தான் இந்தக் கரையின் மீன்களுக்குத் தொட்டில், அலைக்கும் தடுப்பு. பார் குறைந்தால் மீன் குறையும். வாங்குகிறவர் இல்லையென்றால் விற்பவரும் இருக்க மாட்டார். இதை உங்களோடு போனவர்களுக்கும் சொல்லுங்கள். கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும் இதே சட்டம்தான்.

மாமியாரிடம் சொல்ல: சேது கட்டிய வானரன் நளன் போட்ட கற்கள் மிதந்தன என்பது அவர் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கதை, அதை மறுக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் இந்தக் கல் மட்டும் எரிமலையில் பிறந்து கடல் வழியாக வந்தது. அதுவும் சாதாரணப் பயணமில்லை.

மறுபடி மிதக்க வைக்கும் வழி இது. ஒரு வாரம் நன்னீரில் ஊறவைத்து, காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுங்கள். உள்ளே போன சோப்பும் கடல் உப்பும் வெளியேறட்டும். பிறகு வலைத் துண்டில் கட்டி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். பத்துப் பதினைந்து நாள் ஆகும். தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் ஒரே எடை வந்தால் காய்ந்துவிட்டது. உப்பு போயிருப்பதால் 140-ஐவிடச் சற்றுக் குறைவாகவே காட்டலாம். கல்லும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கும்போது மெதுவாக இறக்கிவிடுங்கள். இரவில் எடுத்து உலரவைத்தால் நெடுநாள் மிதக்கும். சிலர் மெழுகோ வார்னிஷோ பூசி மிதக்கவிடுவார்கள். பூசினால் மிதக்கும்தான், ஆனால் துளைகள் அடைபட்டு, கல்லைப் பார்க்கும் அழகே போய்விடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த முறை கரைக்குப் போனால் எங்கே தேடுவது என்றும் சொல்லிவிடுகிறேன். லேசான பொருள்களை அலை மிக மேலே கொண்டுபோய் விடும். ராவணன் மீசைப் புல் தொடங்கும் இடத்தில், காய்ந்த கடற்பாசியும் குப்பையும் கோடு போட்டதுபோல் கிடக்கும் வரிசையில் பாருங்கள். வாடைக்காற்றில் வடகடல் பக்கமும் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றில் தென்கடல் பக்கமும் கொந்தளிக்கும். கொந்தளித்து அடங்கிய பக்கத்தில்தான் புதிதாக ஒதுங்கியவை இருக்கும். அங்கே வெள்ளையாக, படகு வடிவில், நகத்தால் கீறினாலே பொடியாகும் ‘கல்’ ஒன்றும் கிடைக்கும். அது கல் இல்லை, கணவாய் ஓடு. அதன் உள்ளே காகிதம்போல மெல்லிய தளங்கள் அடுக்கடுக்காக இருக்கும். அந்த அறைகளில் நீரை ஏற்றியும் இறக்கியும்தான் கணவாய் நீர்மூழ்கிக் கப்பல்போல மேலும் கீழும் போகிறது. வினிகர் பட்டால் பொங்கி நுரைக்கும், தண்ணீரில் தக்கைபோல மிதக்கும். நாட்டுமருந்துக் கடையில் இதைக் ‘கடல் நுரை’ என்ற பெயரில் கேட்டு வாங்கலாம்.