நாலாம் பகுதிக்கும் ஆள் வர வேண்டுமானால்

கேள்வி: நான் பாம்பன் பக்கத்துப் பெண். எங்கள் கடற்கரையில் நடக்கிற ஒரு குடும்பக் கதையை 12 பகுதியாக எழுதி, சித்தி மகளோடு சேர்ந்து செல்போனிலேயே பதிவு செய்து பாட்காஸ்ட்டாக வெளியிட்டு வருகிறேன். மூன்று பகுதி வந்துவிட்டது. முதல் பகுதியைத் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். மூன்றாவதற்குப் பாதிப்பேர்கூட இல்லை. கேட்டவர்களும் ‘நல்லா இருக்கு’ என்பதோடு சரி. எங்கள் ஊர்ப்பேச்சு வெளியூர்க்காரர்களுக்குப் புரியுமா என்ற பயம் வேறு. நல்ல மைக் வாங்க வேண்டுமா? கேட்பவர்களை எப்படித் தக்கவைப்பது?

பதில்: மைக் வாங்குவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். முதல் பகுதியைக் கேட்டவர்கள் உங்கள் முகத்துக்காகக் கேட்டார்கள். மூன்றாவதைக் கேட்டவர்கள் கதைக்காகக் கேட்டார்கள். அந்தப் பாதிப்பேரை வைத்துத்தான் இந்தத் தொடர் வளர வேண்டும். அவர்கள் யார், எப்போது கேட்கிறார்கள், எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் இப்போதைய வேலை.

உங்கள் ஊரில் யாருக்குக் கை வேலையாகவும் காது சும்மாவும் இருக்கிறது என்று பாருங்கள். வலை பின்னுகிறவர்கள், பாசி உலர்த்துகிற பெண்கள், சாயல்குடிப் பக்கம் பனையோலையில் பெட்டி முடைகிறவர்கள், அடுப்படியில் நிற்கிறவர்கள், வளைகுடா நாட்டில் வேலை முடிந்து அறைக்குத் திரும்புகிற கீழக்கரைப் பிள்ளைகள். இவர்கள் ஒரு திரையை உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள், ஒரு குரலைக் கேட்பார்கள். இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்த கடற்கரை இது. குரலில் கதை கேட்கிற பழக்கம் ஏற்கெனவே இங்கே இருக்கிறது.

அதனால் வெளியிடும் நாளை ஊரின் நாட்களோடு பொருத்துங்கள். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனியில்தான் கடலுக்குப் போகின்றன. என்னைக் கேட்டால் வெள்ளி சாயங்காலம் நல்ல நேரம். புதன்கிழமை போனவர்கள் கரை திரும்பியிருப்பார்கள், சனிக்கிழமை போகிறவர்கள் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்கள். போகுமுன் போனில் இறக்கிக்கொள்ளலாம், நடுக்கடலில் சிக்னல் தேட வேண்டியதில்லை. எந்த நாளை எடுத்தாலும் அதை மாற்றாதீர்கள். ஒரு வாரம் வெள்ளி, அடுத்த வாரம் ஞாயிறு, அப்புறம் ஒரு வாரம் லீவு என்று போனால் கேட்கிறவருக்குப் பழக்கம் பிடிக்காது. இதற்கு ஒரே வழி கையிருப்புதான். மீதி ஒன்பது பகுதியில் ஐந்தையாவது முடித்து வைத்துக்கொண்டு நாலாவதை விடுங்கள். அதற்காக ஒரு மாதம் நிறுத்தினாலும் பரவாயில்லை, என்றைக்குத் திரும்பி வருவோம் என்று ஒரு நிமிட அறிவிப்பு போட்டுவிட்டு நிறுத்துங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். முதல் பகுதியிலிருந்து மொத்தமாகக் கேட்க அவர்களுக்கு நேரம் கிடைப்பது அப்போதுதான்.

இனி எழுத்துக்கு வருகிறேன். மூன்றாம் பகுதியில் ஆள் குறைந்ததற்குப் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். தாளில் படிக்க எழுதியதை அப்படியே வாசித்தால் காது களைத்துப் போகும். இந்த மாதிரி ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்:

“இரவு முழுவதும் உறங்காமல், கணவன் சென்ற திசையையே பார்த்தபடி, அலைபேசியைக் கையில் இறுகப் பற்றிக்கொண்டு மணலில் அமர்ந்திருந்த ரோஸ்மேரிக்கு, விடியும் நேரத்தில் தூரத்தில் ஒரு படகின் ஓசை கேட்டது.”

படிக்க ஒரு குறையும் இல்லை. ஆனால் யாரைப் பற்றிய பேச்சு என்பது பாதி வாக்கியம் கடந்த பிறகுதான் தெரிகிறது. அதுவரை வந்த உறக்கம், திசை, அலைபேசி எல்லாவற்றையும் கேட்கிறவர் சுமந்துகொண்டு வர வேண்டும். நடுவில் குக்கர் விசில் அடித்தால் போச்சு, திரும்பிப் பார்க்கப் பக்கம் கிடையாது. இதையே காதுக்கு எழுதினால்:

“ரோஸ்மேரி தூங்கலை. மணல்லயே உக்காந்திருந்தா. கையில போன்.

(தூரத்தில் இன்ஜின் சத்தம்.)

‘மைனி… அது நம்ம வள்ளமா?’

‘நம்ம இன்ஜின் சத்தம் இப்படி இருக்காதுடி.’”

இப்போது ஒரு ஆளும் ஒரு உறவும் ஒரு பயமும் சில நொடிகளில் வந்துவிட்டன. ‘மைனி’ (அண்ணி) என்ற ஒரே விளியில் அங்கே இரண்டாவதாக ஒரு பெண் இருப்பதும், அவள் என்ன முறை என்பதும் தெரிந்துவிட்டது. ஒலிக்கதையில் விளிக்கிற சொல்லுக்கு இருக்கிற பலம் வேறு எதற்கும் இல்லை. வாப்பா, உம்மா, ராத்தா, காக்கா என்று கூப்பிட்டாலே கீழக்கரை வீட்டுக்குள் வந்துவிட்டோம், கதைசொல்லி வந்து விளக்க வேண்டியதில்லை. பாத்திரங்களை ஒருவரையொருவர் அடிக்கடி கூப்பிட விடுங்கள். பெயர் வைக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். செல்வி, செல்வம், செல்லம்மா என்று மூன்று பேர் இருந்தால் தாளில் குழப்பமில்லை, காதில் மூவரும் ஒருவராகிவிடுவார்கள். முதல் எழுத்தும் நீளமும் வேறுபடட்டும். ஒரு பகுதியில் நான்கு குரலுக்கு மேல் வேண்டாம்.

ஊர்ப்பேச்சைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். கதைசொல்லி எல்லாருக்கும் பழகிய பேச்சுத்தமிழில் பேசட்டும், பாத்திரங்கள் உங்கள் ஊர்போலவே பேசட்டும். தெரியாத சொல் வந்தால் அது என்ன செய்கிறது என்று காட்டிவிட்டால் போதும். “கச்சான் தூக்கிருச்சு, இன்னைக்குத் தென்கடல் பக்கம் தொழிலுக்குப் போக முடியாது” என்று ஒருவர் சொன்னால், கச்சான் ஒரு காற்று என்பது சென்னைக்காரருக்கும் புரியும். புரியாத ஒரு சொல்லுக்காக யாரும் கதையை நிறுத்துவதில்லை. போலியாக ஒலிக்கிற பேச்சைக் கேட்டால், குறிப்பாக உங்கள் ஊர்க்காரர்கள், உடனே நிறுத்திவிடுவார்கள்.

ஒவ்வொரு பகுதியின் முதல் 30 நொடியிலும் கதை நடக்க வேண்டும். “வணக்கம் நேயர்களே” என்று இரண்டு நிமிடம் பேசி, இசை போட்டு, நன்றி சொல்லித் தொடங்குவது வேண்டாம். ‘இதுவரை’ என்று நாலு வரி, உடனே காட்சி. முடிவில், கேட்கிறவர் மனதில் ஒரு கேள்வி நிற்க வேண்டும். அதற்காக வாராவாரம் யாரையாவது சாகக் கிடத்த வேண்டியதில்லை. ‘அந்தப் பணத்தை எடுத்தது தம்பிதான் என்று அம்மாவுக்கு முன்பே தெரியுமா?’ என்கிற அளவு போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எழுப்பிய கேள்விக்கு இரண்டு மூன்று பகுதிக்குள் பதில் வந்து, அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி முளைக்க வேண்டும். பதிலே வராவிட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றிவிடும். நீளம் 15 முதல் 20 நிமிடம்.

பதிவுக்குப் போன் போதும். மின்விசிறியை நிறுத்தி, மெத்தையும் போர்வையும் உள்ள சின்ன அறையில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் போனைப் பிடித்துப் பேசுங்கள். யாரும் பேசாமல் அந்த அறையை 30 நொடி பதிவு செய்து வைத்துக்கொண்டால், வெட்டி ஒட்டும் இடங்களை மூட உதவும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை வெட்டிவிட்டு, ஒலி அளவை மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ்ஸுக்கு (காதில் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவு) கொண்டுவாருங்கள். ஒரு பகுதி கத்தி, அடுத்தது முணுமுணுக்கிற தொல்லை தீரும். மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக எடுத்தால் 20 நிமிடம் 10 எம்பிக்குள் அடங்கும். வாட்ஸ்அப்பில் கைமாறுவதற்கு அது பெரிய வசதி.

கடல் சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடற்கரைக் கதை என்றதும் எல்லாரும் அலையைத்தான் பதிவு செய்யப் போகிறார்கள். கரையில் நின்று எடுத்த அலைச்சத்தம் போன் ஸ்பீக்கரில் அப்பளம் பொரிகிற மாதிரிதான் கேட்கும். எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சல் அது, அதில் பிடித்துக்கொள்ளக் காதுக்கு ஒன்றும் இருக்காது. கிட்டப் போய்ச் சின்னச் சத்தங்களை எடுங்கள். கட்டிப்போட்ட வள்ளத்தின் பக்கப்பலகையில் தண்ணீர் அடிக்கிற சத்தம், இறங்குதளத்தில் ஐஸ் உடைக்கிற சத்தம், நனைந்த கயிறு இழுபடுகிற சத்தம், மீன் கூடை தரையில் விழுகிற சத்தம். இவற்றில் ஒன்று வந்தாலே கேட்கிறவர் கடலை மனதில் கொண்டுவந்துவிடுவார். காற்று மைக்கில் மோதினால் பிறகு மென்பொருளால் முழுதாகச் சரிசெய்வது கஷ்டம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடகடல் பக்கமும், வாடைக் காலத்தில் தென்கடல் பக்கமும் போங்கள், அங்கேதான் கொஞ்சம் அடக்கமாக இருக்கும். என்றைக்காவது பணம் செலவழிப்பதாக இருந்தால், முதலில் மைக்குக்கு மேலே போடுகிற ரோம உறைக்குச் செலவழியுங்கள்.

சினிமாப் பாட்டு ஒரு நொடிகூட வேண்டாம். உரிமைப் பிரச்சினையில் மொத்தப் பகுதியும் நீக்கப்படலாம். உங்கள் ஊரில் பாடுகிற ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவரையே பாடவைத்துப் பதிவு செய்யுங்கள், பெயரையும் சொல்லுங்கள்.

பதிவேற்றும் தளத்தின் அமைப்பில் ‘தொடர்’ (சீரியல்) வகை என்று ஒரு தேர்வு இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. அதைத் தேர்ந்தெடுத்து, பகுதி எண்ணும் கொடுத்தால்தான் புதிதாக வருகிறவருக்கு ஆப் முதல் பகுதியிலிருந்து காட்டும். இல்லாவிட்டால் கடைசியாக வந்ததுதான் மேலே நிற்கும், அவர் மூன்றாம் பகுதியில் நுழைந்து ஒன்றும் புரியாமல் போய்விடுவார். உங்கள் தொடரில் இதை இன்றைக்கே பாருங்கள்.

இப்போது ‘நல்லா இருக்கு’ என்ற பதிலுக்கு வருவோம். ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் வேறென்ன வரும்? தெரிந்தவரிடம் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. கருத்துக்குப் பதிலாக அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். கதையில் ஒரு வள்ளத்துக்குப் பெயர் வைக்கிற காட்சி வந்தால், முடிவில், “உங்க வள்ளத்துக்குப் பேர் வச்சது யாரு? ஏன் அந்தப் பேரு? அரை நிமிஷம் பேசி அனுப்புங்க” என்று கேளுங்கள். டைப் செய்யத் தயங்குகிற பாட்டிகூட வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். வந்ததில் ஒன்றை அடுத்த பகுதியின் கடைசியில் ஒலிபரப்புங்கள். தன் குரல் வருகிறது என்று தெரிந்தால் அந்த வீடு, அந்தத் தெரு எல்லாம் கேட்கும். ஒலிபரப்புமுன் அனுமதி கேளுங்கள், பெயர் சொல்லலாமா என்று தனியாகக் கேளுங்கள். அப்புறம் வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள்.

இதற்கு வாட்ஸ்அப் குரூப் தொடங்காதீர்கள். குரூப்பில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும், பெண்கள் பலர் அதனாலேயே சேர மாட்டார்கள். வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்கிறவர் எண் மற்றப் பின்தொடர்வோருக்குத் தெரியாது. பகுதி வந்ததை அங்கே அறிவியுங்கள். குரல் அனுப்ப, சொந்த எண்ணைக் கொடுக்காமல் தனியாக ஒரு சிம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் இரண்டு பெண்கள்தானே, இது உங்கள் பாதுகாப்புக்கும் நல்லது.

இன்னொரு வழி இருக்கிறது, எண்களைவிட அதிகம் கற்றுத்தரும். கதையில் சம்பந்தமில்லாத ஆறேழு பேரை உட்காரவைத்து நாலாம் பகுதியை ஒரு ஸ்பீக்கரில் போடுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்காதீர்கள். ஒரு தாளில் நிமிடங்களை எழுதிக்கொண்டு, யார் எப்போது போனை எடுக்கிறார், எப்போது பக்கத்தில் இருப்பவரிடம் “இது யாரு?” என்று கேட்கிறார், எங்கே வேலை செய்கிற கை நின்றது என்று மட்டும் குறியுங்கள். இரண்டு பேர் ஒரே நிமிடத்தில் போனை எடுத்தால் அந்த இடத்தில் வெட்டுங்கள். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் எந்த நிமிடத்தில் ஆள் குறைகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டும், ஏன் என்பதை இந்த மனிதர்களிடம்தான் பார்க்க முடியும்.

உங்கள் ஊரிலேயே 2016 முதல் இயங்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள். சமுதாய வானொலியின் நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்பது அரசு விதி. எனவே உங்கள் தொடர் மாதிரியான ஒன்று அவர்களுக்கும் உதவும். இணையத்திலும் தொடர்ந்து வெளியிடுவோம் என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் கதையில் கடலுக்குப் போனவர் திரும்பாத சம்பவம் வருவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். இந்தக் கரையில் அது பல வீடுகளில் நடந்தது. உண்மையான ஒரு குடும்பம் அடையாளம் தெரிகிற மாதிரி எழுதாதீர்கள். நிஜத்தில் யாராவது காணாமல் போன வாரம், கைதான வாரம் என்றால், வெள்ளிக்கிழமை தவறினாலும் பரவாயில்லை, அந்தப் பகுதியை நிறுத்திவையுங்கள். ஏன் என்று ஒரு வரியில் சொன்னால் ஊர் புரிந்துகொள்ளும்.

கேட்கிறவர்கள் நெருங்கிவந்தால் கதையையும் மாற்றச் சொல்வார்கள். “கார்த்திகை மாசம் கச்சான் அடிக்குதுங்குறீங்களே, அப்ப வாடையில்ல?” என்று ஒருவர் சொன்னால் உடனே திருத்துங்கள், ஒலிக்கோப்பை மாற்றி ஏற்றலாம், அடுத்த பகுதியில் அவருக்கு நன்றி சொல்லுங்கள். “அந்தப் பிள்ளைய அவனுக்கே கட்டிவச்சுருங்க” என்று பத்துப் பேர் கேட்டால் மாற்றாதீர்கள். அந்தப் பிள்ளைமேல் அவர்களுக்குப் பாசம் வந்துவிட்டது என்று அர்த்தம், நீங்கள் எழுதிவைத்த முடிவுக்கு இனிமேல்தான் பலம். பன்னிரண்டாவது பகுதி வரை அதை யாரிடமும் சொல்லாதீர்கள், சித்தி மகளையும் சொல்லவிடாதீர்கள்.