மகள் கவுன்டி பட்ஜெட் வேலைக்குப் போகலாமா? ஃப்ரீமான்ட்டில் இருக்கும் ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் இனி பொது நிர்வாகத்தில் முதுகலை படித்துவிட்டு, கலிபோர்னியாவில் ஒரு கவுன்டியின் (மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு) பட்ஜெட் அலுவலகத்தில் சேர விரும்புகிறார். "மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் சட்டம் மாறினால் கவுன்டியில் ஆளைக் குறைப்பார்களாமே, இதை நம்பி எப்படி அனுப்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாநிலச் சட்டம் கவுன்டியின் பணத்தை இப்படி அசைத்துக்கொண்டே இருப்பதால்தான், அதைக் கணக்குப் போடத் தெரிந்தவர்களை எல்லாக் கவுன்டிகளும் தேடுகின்றன.

முதலில் சொத்து வரியைப் பாருங்கள். உங்கள் வீட்டை மதிப்பிடுவதும், பில் அனுப்புவதும், வரியை வசூலிப்பதும் ஃப்ரீமான்ட் அடங்கிய அலமீடா கவுன்டிதான். ஆனால் வரி விகிதத்தை உயர்த்த அதற்கு அதிகாரம் இல்லை. 1978-இல் மாநில வாக்கெடுப்பில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு (Proposition 13) அடிப்படை வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தியது. வீடு கைமாறாதவரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வசூலானதில் கவுன்டிக்கு எவ்வளவு, நகரத்துக்கு எவ்வளவு, பள்ளிகளுக்கு எவ்வளவு என்பதையும் மாநிலச் சட்டமே தீர்மானிக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் மாநிலத்துக்கு நெருக்கடி வந்தபோது, கவுன்டிகளின் பங்கில் ஒரு பகுதியைப் பள்ளிகளுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த ஏற்பாடு இன்றும் நீடிக்கிறது.

மற்ற வருமானத்தில் பெரும்பகுதி மெடி-கால் (ஏழைகளுக்கான மருத்துவ உதவி), கால்ஃபிரெஷ் (உணவு உதவி), மனநலம் என்று தலைப்பு குறித்தே மாநிலத்திடமிருந்தும் மத்திய அரசிடமிருந்தும் வருகிறது. வாடகைக்கு, மளிகைக்கு, பள்ளிக்கு என்று உறை போட்டு வைத்த சம்பளம் மாதிரிதான். கவுன்டியை நிர்வகிக்கும், ஐந்து பேர் கொண்ட சூப்பர்வைசர்கள் குழு தன் விருப்பப்படி செலவிடக்கூடிய பணம் மொத்த பட்ஜெட்டில் சிறு பங்குதான்.

ஒரு சட்டம் கவுன்டியை எப்படிப் புரட்டிப் போடும் என்பதற்கு 2011-இன் ஏபி 109 (AB 109) என்ற மாநிலச் சட்டத்தை விட நல்ல பாடம் கிடையாது. உங்கள் மகள் இதை ஆழமாகப் படிக்க வேண்டும். மாநிலச் சிறைகளில் கூட்டம் அளவுக்கு மீறிவிட்டது, குறைத்தே ஆக வேண்டும் என்று அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏபி 109 அதற்கு முன்பே ஏப்ரலில் கையெழுத்தாகியிருந்தது. அக்டோபர் 1 முதல், வன்முறை, பாலியல் குற்றம், கடுங்குற்றம் ஆகியவற்றில் சேராத பல குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்கள் மாநிலச் சிறைக்குப் பதிலாகக் கவுன்டி ஜெயிலுக்கு வந்தார்கள். அதிகபட்சம் ஓராண்டு இருப்பவர்களை மனதில் வைத்துக் கட்டிய ஜெயில்கள் அவை. அங்கே பல ஆண்டு தண்டனைக் கைதிகள் வந்தால் என்ன ஆகும்? நீண்டகால மருத்துவம் வேண்டும், வகுப்புகள் வேண்டும், இடம் வேண்டும். விடுதலையானவர்களில் பலரைக் கண்காணிக்கும் பொறுப்பும் கவுன்டியின் புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) துறைக்கு வந்தது. இதற்காக மாநிலம் விற்பனை வரியில் ஒரு பங்கை ஒதுக்கியது. ஆனால் அந்தப் பணம் தொடர்ந்து வரும் என்று அரசியல் சட்டத்தில் உறுதி கிடைத்தது 2012 நவம்பரில், 30-ஆம் முன்மொழிவு வாக்கெடுப்பில் வென்ற பிறகுதான். அதுவரை ஓராண்டுக்கு மேல் பொறுப்பு கையில் இருந்தது, பணத்துக்கு உத்தரவாதம் இல்லை. அந்த ஓராண்டு பட்ஜெட் போட்டவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அதனால் எந்த மசோதாவைப் பார்த்தாலும் அவர் கேட்க வேண்டியவை: வேலை எந்தத் துறைக்கு வருகிறது, எந்தத் தேதியிலிருந்து, பணம் எங்கிருந்து, அது எத்தனை ஆண்டுக்கு? கடுமையான மனநோயாளிகளுக்கு நீதிமன்றம் வழியாகச் சிகிச்சை ஏற்பாடு செய்யும் கேர் (CARE) நீதிமன்றச் சட்டம் 2022-இல் நிறைவேறியது. ஏழு கவுன்டிகள் 2023 அக்டோபரில் தொடங்கின. மற்றவை 2024 டிசம்பருக்குள் தொடங்க வேண்டியிருந்தது. அங்கேயும் இதே கேள்விகள்தான்.

"புது வேலை கொடுத்தால் மாநிலமே பணம் கொடுக்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்க வேண்டும் என்று மாநில அரசியல் சட்டம் சொல்கிறது. ஆனால் விதிவிலக்குகள் பல. அதற்கென்று உள்ள ஆணையத்தில் கவுன்டி கோரிக்கை வைத்து வாதாட வேண்டும். பணம் வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம்.

சரி, வேலை நிலைமைக்கு வருவோம். தொழில்நுட்ப நிறுவனச் சம்பளத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். மாநில பட்ஜெட்டில் துண்டு விழும் ஆண்டுகளில் காலியிடங்களை நிரப்பாமல் நிறுத்திவைப்பார்கள். ஓய்வூதியம் உண்டு, ஆனால் 2013 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு அதையும் ஒரு மாநிலச் சட்டம் குறைத்துவிட்டது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே அவர் சேரட்டும். என் கருத்தில், எண்ணும் சட்டமும் இரண்டும் பிடித்த பிள்ளைக்கு இது அருமையான வேலை. மொத்தம் 58 கவுன்டிகள் இருப்பதால், ஒன்றில் கற்றது இன்னொன்றிலும் செல்லும். நகராட்சி, மாநிலத் துறைகளுக்கும் போகலாம்.

முதுகலையில் சேரும் முன் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். ஆளுநர் ஜனவரி 10-க்குள் பட்ஜெட் தருவார், மே நடுவில் திருத்துவார். ஜூன் 15-க்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். ஜூலை 1 புது நிதியாண்டு. கவுன்டியின் பரிந்துரை பட்ஜெட்டும் ஜூன் 30-க்குள் தயாராக வேண்டும், இறுதி வடிவத்துக்கு அக்டோபர் 2 வரை அவகாசம் உண்டு. மாநிலம் மே மாதம் மாற்றுவதைக் கவுன்டி ஜூனில் சமாளிக்கிறது என்று பாருங்கள். அந்தச் சில வாரங்களில்தான் பட்ஜெட்டை ஆராயும் அனலிஸ்ட்டுகள் தூங்காமல் உழைக்கிறார்கள். இந்தச் சுற்றை ஒரு முறை அவர் பின்தொடர வேண்டும். சட்டமன்றத்துக்கு நிதி ஆலோசனை சொல்லும், மாநிலத்தின் லெஜிஸ்லேட்டிவ் அனலிஸ்ட் அலுவலகம் வெளியிடும் ஆய்வுகள் இலவசம், தெளிவானவை. அவற்றோடு அலமீடா பட்ஜெட்டையும் வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு மசோதா கவுன்டிக்கு என்ன செலவு வைக்கும் என்று ஒரே பக்கத்தில் எழுதட்டும். அப்புறம் கவுன்டி இன்டர்ன்ஷிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். மேனேஜ்மென்ட் அனலிஸ்ட், அட்மினிஸ்ட்ரேட்டிவ் அனலிஸ்ட் என்ற பெயர்களிலும் தேட வேண்டும், ஏனென்றால் பட்ஜெட் வேலை பெரும்பாலும் அந்தப் பெயர்களில்தான் வெளிவரும்.

அந்த ஒரு பக்கத்தை எழுதியதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த முதுகலைப் படிப்பு பொருந்தும் என்பதை அதைப் படித்துவிட்டுப் பேசுவோம்.