கோடு முழுசா இருக்கு, வீடியோ ஓடுதில்லை!

கேள்வி: அண்ணா, நூலக வாசலில் வைஃபை கோடு முழுதாகக் காட்டுகிறது, ஆனால் லெக்சர் வீடியோ சுத்திக்கொண்டே நிற்கிறது. கம்பஸில் நல்ல சிக்னல் உள்ள இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஹொஸ்டல் அறைக்கு ரிப்பீட்டர் வாங்கலாமா?
– மாணவி ஒருவர், திருகோணமலை

பதில்: தங்கச்சி, கோட்டை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பது போன் கம்பெனிக்காரன் வைத்த கணக்கு. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டு, லொகேஷனையும் ஓன் பண்ணுங்கள். சிக்னல், அதன் பலத்தை அளக்கும் டிபிஎம் (dBm) கணக்கில், கழித்தல் குறியோடு வரும். -50 என்றால் வைஃபை பெட்டிக்குக் கிட்ட நிற்கிறீர்கள். -67 வரை வீடியோ அழைப்புத் தாங்கும். -80 என்றால் வாட்ஸ்அப்பே இழுக்கும். 3 குறைந்தாலே (-67 என்பது -70 ஆனாலே) பலம் பாதியாகிவிடும்.

ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம். ஆண்ட்ராய்டு 9இலிருந்து ஓர் ஆப் 2 நிமிடத்துக்கு 4 தடவைதான் ஸ்கேன் பண்ணலாம். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடமாவது நின்று பாருங்கள்.

உங்கள் நூலக வாசலில் சிக்னல் குறை இல்லை, சனம்தான் கூட என்று நினைக்கிறேன். ஒரு பெட்டியில் தொங்குகிற எல்லோரும் ஒரே நேரத்தைப் பங்குபோட வேண்டும். தூரத்தில் -80இல் இழுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் மற்றவர்களின் நேரத்தையும் தின்றுவிடுவார். வைஃபை ஓடும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சனல் 1, 6, 11 என மூன்றுதான். அதற்குள் பிள்ளைகள் ஆளுக்கொரு ஹொட்ஸ்பொட் வேறு போடுவார்கள். (என் கடைக்கு வந்து ‘வைஃபை ஸ்லோ’ என்று முறையிடுபவரின் போனிலேயே அது ஓன் ஆகித்தான் இருக்கும்!)

ஆகவே வைஃபையின் மற்ற அலைவரிசையான 5 கிகாஹேர்ட்ஸைப் பிடியுங்கள். அதில் நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் தாண்ட அதற்குச் சக்தி காணாது. சீலிங்கில் வெள்ளைப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிற அறைக்குள்ளேயே, கொங்கிரீட் தூணும் இரும்பு அலுமாரியும் குறுக்கே வராமல் இருங்கள். மேல்மாடிக்குப் போனால் கிட்ட என்று நினைக்காதீர்கள், நடுவில் கொங்கிரீட் தட்டு இருக்கிறது. 2.4 அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீற்றர். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அடித்துவிடும். லெப்டொப்பை மேசையில் ஒரு சாண் தள்ளினாலே எண் மாறும், செய்து பாருங்கள்.

ரிப்பீட்டர் வேண்டாம். மலிவானது சிக்னலை ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும், வேகம் பாதியாகும். மாட்டத்தான் வேண்டுமென்றால் கம்பஸ் ஐடி பிரிவில் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.