ஆட்டோ பார்ட்ஸ் வேலையிலிருந்து விண்வெளித் துறைக்குப் போக முடியுமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 32 வயது. மெக்கானிக்கல் டிப்ளமாவில் 78 சதவீதம் எடுத்து, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. முடித்தேன். பி.இ.யில் 61 சதவீதம். ஒன்பது வருடமாக ஒரு ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் வேலை. முதல் ஐந்து வருடம் சி.என்.சி. புரோகிராமிங், இப்போது குவாலிட்டி. நாங்கள் செய்வது முழுக்க பெட்ரோல், டீசல் இன்ஜின் பாகங்கள். மின்சார வண்டி பெருகினால் இந்த லைனே இருக்காது என்று எங்கள் மேனேஜரே சொல்கிறார். விண்வெளித் துறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. இஸ்ரோவுக்கு முயற்சி செய்யலாமா, தனியாரிடம் போகலாமா? 1.8 லட்ச ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு விண்வெளித் தொழில்நுட்பச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது, சேரலாமா? வீட்டுக் கடன் ஓடுகிறது, ஒரு குழந்தை இருக்கிறது.
– பெயர் வேண்டாம், சூலூர்

பதில்: முதலில் உங்கள் பணத்தைக் காப்பாற்றி விடுகிறேன். அந்தப் படிப்பில் சேர வேண்டாம். உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு நான் ஆள் எடுத்த வருடங்களில், இப்படி ஒரு சான்றிதழ் இருக்கிறதா என்று ஒருவரிடம்கூடக் கேட்டதில்லை. கோள்களின் சுற்றுப்பாதை பற்றி நாற்பது வீடியோ பார்த்தவரா, இரண்டு மைக்ரான் எங்கே போனது என்று கண்டுபிடிப்பவரா என்றால், பட்டறைக்கு வேண்டியது இரண்டாமவர்தான். நீங்கள் ஏற்கெனவே அந்த இரண்டாமவர்.

அடுத்து இஸ்ரோ. விஞ்ஞானி/பொறியாளர் 'எஸ்.சி.' என்ற பதவிதான் எல்லோரும் கனவு காண்பது. அதற்கு பி.இ.யில் குறைந்தது 65 சதவீதம் அல்லது 6.84 சி.ஜி.பி.ஏ. வேண்டும், அண்மை அறிவிப்புகளில் பொதுப் பிரிவு வயது வரம்பு 28. உங்களுக்கு மதிப்பெண்ணும் போதாது, வயதும் தாண்டிவிட்டது, அந்தக் கதவைத் தட்டி வருடங்களை வீணாக்க வேண்டாம்.

ஆனால் நீங்கள் கவனிக்காத ஒரு பக்கக் கதவு இருக்கிறது: உங்கள் டிப்ளமா. டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பதவிக்கு முதல் வகுப்பு டிப்ளமாதான் தகுதி. வயது வரம்பு பொதுவாக 35. சம்பளம் மத்திய அரசின் ஏழாவது நிலை, அடிப்படை ஊதியம் 44,900 ரூபாயில் தொடங்கும். எழுத்துத் தேர்வு, பிறகு திறன் தேர்வு. பி.இ. மட்டும் படித்தவர்கள் இதற்கு வர முடியாமல் கையைப் பிசைவார்கள். உங்களிடம் டிப்ளமா தனியாகவே இருக்கிறது. தும்பா, வலியமலை, மகேந்திரகிரி, ஸ்ரீஹரிகோட்டா என்று ஒவ்வொரு மையமும் தனித்தனியாக அறிவிப்பு வெளியிடும். கூடுதல் படிப்பு படித்தவர்கள் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு அறிவிப்பையும் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அதனால் இது ஒரு முயற்சியாக ஓரமாக ஓடட்டும், இதை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.

இஸ்ரோ தலைவர் வி. நாராயணனும், சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேலும் டிப்ளமாவில் தொடங்கியவர்கள்தான். அவர்கள் படத்தைப் போட்டுத்தான் பல பயிற்சி நிலையங்கள் விளம்பரம் செய்கின்றன. நாராயணன் டிப்ளமாவோடு நிற்காமல், பொறியியல் பட்டத்துக்கு இணையான ஏ.எம்.ஐ.இ. முடித்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியல் படித்தார். அவர் இஸ்ரோவில் சேர்ந்தது 1984-ல், இருபது வயதையொட்டி. 32 வயதில் வீட்டுக் கடனோடு இருப்பவர் அந்த வழியை அப்படியே பின்பற்றப் பார்ப்பது சரிப்படாது.

சரி, வேலை உண்மையில் எங்கே இருக்கிறது?

2020 ஜூனில் மத்திய அரசு விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. அனுமதி தர அகமதாபாத்தில் இன்-ஸ்பேஸ் என்ற அரசு அமைப்பு வந்தது. 2023-ல் விண்வெளிக் கொள்கை, 2024-ல் அந்நிய முதலீட்டுத் தளர்வு. இதில் உங்களைத் தொடுகிற விஷயம் ஒன்றுதான். இஸ்ரோ வழக்கமான ராக்கெட் தயாரிப்பைக் கையைவிட்டுக் கொடுத்து வருகிறது. ஐந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளைச் செய்யும் ஒப்பந்தம் 2022-ல் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். - எல் அண்ட் டி கூட்டணிக்குப் போனது. எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டின் தொழில்நுட்பத்தைப் பெறுவதற்கான ஏலத்தில் 2025-ல் எச்.ஏ.எல். வென்றது. ராக்கெட் இஸ்ரோவின் வாசலைத் தாண்டி வந்தால், அதற்கு ஆள் எடுப்பதும் தொழிற்சாலைப் பக்கம் நகரும். அது பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் மட்டுமல்ல. உங்கள் ஊரிலேயே மலுமிச்சம்பட்டியில் எல் அண்ட் டி இதற்கென்று பிரிவு வைத்திருக்கிறது. நூற்பாலை இயந்திரத்தில் பேர் வாங்கிய எல்.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்கு விமான, விண்வெளிப் பாகங்களுக்கென்றே தனி மையம் உண்டு. இவர்களுக்குக் கீழே வேலை வாங்கிச் செய்யும் சின்னப் பட்டறைகள் பல.

அங்கே போனால் என்ன மாறும்? இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஆட்டோவில் நீங்கள் லட்சக்கணக்கில் ஒரே பாகத்தைச் செய்கிறீர்கள். மணிக்கு ஐந்து ஜாப் எடுத்து அளந்து, அளவு வரம்புக்குள் நிற்கிறதா என்று காட்டும் சி.பி.கே. கணக்குப் போட்டு, லைன் நன்றாக ஓடுகிறது என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். ராக்கெட்டுக்கு மூன்று பாகம்தான் ஆர்டர் வரும், சில நேரம் ஒன்றே ஒன்று. மூன்றை வைத்துப் புள்ளிவிவரம் போட முடியாது. ஒன்றை உடைத்துப் பார்க்கலாம் என்றால் மீதி இரண்டு போதாது. மேலே போன பிறகு கழற்றி மாற்றவும் முடியாது. அதனால் ஒவ்வொரு பாகமும் நல்லதுதான் என்பதற்கு இரண்டே ஆதாரம்: முழு அளவு பரிசோதனை, அப்புறம் காகிதம். உலோகம் எந்த உருக்கில் வந்தது, யார் வெல்டு வைத்தார், எந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் இருந்தது, எந்தக் கேஜில் அளந்தது, அந்தக் கேஜ் கடைசியாக எப்போது காலிபரேஷன் ஆனது – எல்லாமே பாகத்தோடு கூடவே போகும் ரூட் கார்டில் இருக்க வேண்டும்.

நான் முன்பு குவாலிட்டி பார்த்த ஓர் இடத்தில் ஒரு டைட்டானியம் பிராக்கெட், உள்ளங்கை அளவுதான். அளவெல்லாம் கச்சிதம். ஆனால் பெரிய கட்டையை வெட்டித் துண்டாக்கிய இடத்தில், எந்த உருக்கு என்று சொல்லும் ஹீட் நம்பரைத் துண்டின் மேல் பொறிக்க மறந்துவிட்டார்கள். அது எந்தக் கட்டையிலிருந்து வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. பதினொரு நாள் வேலை, பளபளவென்று மேஜை மேல் இருந்த ஜாப், ஸ்கிராப்புக்குப் போனது. "அளவு சரியாத்தானே சார் இருக்கு" என்று ஆபரேட்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவரும் ஆட்டோவிலிருந்து வந்தவர்தான். இந்த வேலைகளில் மூலப்பொருளை வாடிக்கையாளரே கொடுப்பது வழக்கம். ஒன்று ரிஜெக்ட் ஆனால் கடைக்குப் போய் வேறு வாங்கி வர முடியாது. மறுபடி கேட்டு வாங்க மாதங்கள் ஆகும், அசடு வழிவதும் கூடுதல். அளவு கொஞ்சம்தான் விலகியிருக்கிறது, சின்ன ரீவொர்க் போட்டு அனுப்பிவிடலாம் என்ற பழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும். ஆட்டோவிலிருந்து வருபவர்களில் பலர் ஆறு மாதத்தில் திரும்பிப் போவது இந்த நிதானம் பிடிக்காமல்தான். உங்களுக்குப் பிடிக்குமா என்று முதலில் யோசித்துக் கொள்ளுங்கள்.

பிடிக்கும் என்றால், கற்க வேண்டியது அதிகமில்லை. உங்களுக்கு ஆட்டோ துறையின் தரநிலையான ஐ.ஏ.டி.எஃப். 16949-ம், புதுப் பாகத்துக்கு வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும் பி.பி.ஏ.பி. ஆவணங்களும் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும். விமான, விண்வெளிப் பக்கம் அந்த இடத்தில் ஏ.எஸ். 9100 தரநிலையும், முதல் பாகப் பரிசோதனைக்கான ஏ.எஸ். 9102-ம் உட்கார்ந்திருக்கின்றன. பி.பி.ஏ.பி. கோப்பு போட்டவருக்கு முதல் பாக அறிக்கை பாதி தெரிந்த மாதிரிதான். உள் தணிக்கையாளர் பயிற்சி இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்; நீங்கள் சொன்ன 1.8 லட்சத்தில் ஒரு சிறு துண்டுதான் செலவாகும். இதோடு சிதைவில்லாச் சோதனையில், அதாவது என்.டி.டி.யில், இரண்டாம் நிலைச் சான்று ஒன்றிரண்டு முறைகளுக்கு வாங்கிக் கொள்ளுங்கள். சாயம் ஊடுருவும் சோதனையும் அல்ட்ராசோனிக்கும் முதலில் போதும். இதற்கு வகுப்பு மட்டும் போதாது, செய்த அனுபவ நேரமும் காட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரிகிறதா என்று வருடா வருடம் கண் சோதனையும் உண்டு, கண்ணாடி போட வெட்கப்படாதீர்கள்.

புரோகிராமிங் பக்கமே திரும்ப ஆசை என்றால் ஐந்து அச்சு இயந்திரமும், இன்கோனல் என்ற நிக்கல் கலப்பு உலோகமும் பழகுங்கள். வார்ப்பிரும்பில் சூடு சில்லோடு போய்விடும். இன்கோனலில் சூடு, டூலில் பொருத்தும் வெட்டும் துண்டான இன்செர்ட்டின் முனையிலேயே தங்கும். டூல் ஒரே இடத்தில் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு நின்றால் மேற்பரப்பு இறுகி, அடுத்த பாஸில் முனை போய்விடும். கோட் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சத்தம் மாறும்போதே இன்செர்ட்டை மாற்றத் தெரிந்தவருக்குத்தான் தட்டுப்பாடு.

3டி பிரிண்டிங் வந்தால் இந்த வேலையும் போய்விடாதா என்று கேட்பீர்கள். சென்னையின் அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட இன்ஜினை வைத்து 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. அச்சிட்டு எடுத்த பாகத்துக்கும் தாங்கு பகுதிகளை வெட்டி எடுக்க வேண்டும், வெப்பப் பதம் கொடுக்க வேண்டும், பொருந்தும் முகங்களை மெஷின் பண்ண வேண்டும். அதற்கு மேல், உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டும் வேலை குறைந்து, பார்க்கும் வேலை கூடுகிறது. குவாலிட்டியில் இருக்கும் உங்களுக்கு அது கெட்ட செய்தி இல்லை.

இப்போது பயமுறுத்த வேண்டிய பகுதி. இந்திய விண்வெளிப் பொருளாதாரம் சுமார் 840 கோடி டாலரிலிருந்து 2033-க்குள் 4,400 கோடி டாலராகும் என்று இன்-ஸ்பேஸ் சொல்கிறது. ஆனால் விண்வெளிப் பொருளாதாரம் என்ற கணக்கில் பெரும்பகுதி டிவி, இணையம், படத்தரவு போன்ற சேவைகள். பட்டறைக்கு வருவது கொஞ்சம்தான். 2024-ல் இந்தியாவிலிருந்து சுற்றுப்பாதைக்குக் கிளம்பிய ராக்கெட்டுகள் ஐந்து. ஐந்து ராக்கெட்டை நம்பி எந்தப் பட்டறையும் வருடம் முழுக்கச் சம்பளம் போட முடியாது. தமிழக அரசின் 2025 விண்வெளித் தொழில் கொள்கை ஐந்து ஆண்டில் 10,000 வேலைகளை இலக்காக வைக்கிறது. நல்லதுதான், ஆனால் ஒரு மாநிலத்துக்கு அது எவ்வளவு என்று ஆட்டோ துறையில் இருக்கும் உங்களுக்கே தெரியும். குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளமும் அப்படித்தான். இலங்கையைச் சுற்றி வளைக்காமல் நேரே தெற்கே ஏவலாம் என்பதால் சிறிய ராக்கெட்டுக்கு எரிபொருள் மிச்சம். அதனால் இடம் அருமையான இடம். ஆனால் ஏவுதளத்தை நடத்த ஆயிரக்கணக்கில் ஆள் தேவையில்லை.

வெளிநாட்டிலும் நிலைமை ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜின் ஆர்பிட் 2023-ல் திவாலானது, அதற்கு முன்பே ஊழியர்களில் 85 சதவீதம் பேரை வெளியே அனுப்பியது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் 2024 தொடக்கத்தில் சுமார் 530 பேரையும், 2025 அக்டோபரில் சுமார் 550 பேரையும் நீக்கியது. அமெரிக்க ராக்கெட் நிறுவனங்களில் உங்களுக்கு இடம் கிடைப்பதும் அரிது. அந்நாட்டின் ஆயுத ஏற்றுமதி விதிகள் ராக்கெட்டையும் சேர்த்துக் கொள்வதால், பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களைத்தான் எடுக்கிறார்கள். அமெரிக்கா அனுப்புகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

அதனால்தான் 'விண்வெளிக் கம்பெனி' என்று தேடாதீர்கள் என்கிறேன். விண்வெளி வேலையும் செய்கிற கம்பெனியைத் தேடுங்கள். நான் மேலே சொன்ன ஐந்து அச்சு, டைட்டானியம், என்.டி.டி., முதல் பாக அறிக்கை எல்லாம் விமான இன்ஜின் பாகத்துக்கும் ஏவுகணைக்கும் இடுப்பு மூட்டு இம்பிளான்ட்டுக்கும் அப்படியே செல்லும். கோவை, தமிழகத்தின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்று. ராக்கெட் ஆர்டர் தள்ளிப்போகும் வருடத்தில் விமான ஆர்டர் சம்பளம் கொடுக்கும்.

ஸ்டார்ட்அப்பில் இடம் கிடைத்தால்? வயது 24 என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்வேன். உங்களுக்கு, ஆறு மாத கடன் தவணையும் வீட்டுச் செலவும் கையில் இருந்தால் மட்டும் போங்கள். பங்கு தருகிறோம் என்பதைச் சம்பளமாக எண்ணாதீர்கள்.

நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பதுபோல் நீங்களும் கேளுங்கள்: மொத்த விற்பனையில் விண்வெளி எத்தனை பங்கு, இப்போது கையில் எத்தனை மாதத்துக்கு ஆர்டர் இருக்கிறது, ரிஜெக்ட் ஆன ஜாப்புக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள். மூன்றாவதற்கு "எம்.டி.யே பார்த்துக்குவார்" என்று பதில் வந்தால் அங்கே குவாலிட்டி வேலைக்குச் சேராதீர்கள். அப்புறம், உங்கள் திறமையைக் காட்ட இப்போதைய கம்பெனியின் டிராயிங்கை பென் டிரைவில் எடுத்துப் போக வேண்டாம். நாளை நம் டிராயிங்கும் இப்படித்தான் வெளியே போகும் என்று எதிரில் இருப்பவர் அந்த நிமிடமே முடிவு செய்துவிடுவார்.