கடை போர்டில் டச்சப் செய்த இடம் பகலில் பொருந்துகிறது, ராத்திரி மட்டும் ஏன் தனியாகத் தெரிகிறது?

இதற்கு ‘மெட்டாமெரிசம்’ என்று பெயர். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வேறு வெளிச்சத்தில் பிரிந்துவிடும்.

விழும் வெளிச்சத்தில் பெயின்ட் எதைத் திருப்பி அனுப்புகிறதோ அதுதான் நம் கண்ணுக்கு நிறம். பழைய பச்சை ஒரே பச்சைப் பொடியில் ஆனது, புதியதை நீலமும் மஞ்சளும் கலந்து எடுத்தோம் என்று வையுங்கள். வெயிலில் இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். எல்இடி வெளிச்சத்தின் கலவையே வேறு. அதில் ஒன்று மட்டும் மஞ்சளடிக்கலாம்.

ஈரோட்டு ஜவுளிக்கடையில் சேலைக்கு ஜாக்கெட் துணி எடுத்தால் ரெண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்போமுங்களே, அதே சங்கதிதான். திருப்பூரில் ஏற்றுமதித் துணிக்கு இதற்கென்றே லைட் பாக்ஸ் உண்டு. பகல் வெளிச்சம், கடை விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் சாயத்தை ஓகே செய்வார்கள்.

போர்டிலும் ஓரமாகக் கொஞ்சம் தொட்டு, நன்றாகக் காயவிட்டு (ஈர எனாமலை நம்பவே கூடாது), மதியம் ஒருதடவை, விளக்குப் போட்டு ஒருதடவை பாருங்கள்.

ஷேடு நம்பர் ஒன்றென்றால் நிறமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நம்பர் புது பெயின்ட்டுக்குத்தான், வருஷக்கணக்கில் வெயிலில் வெளுத்த போர்டுக்கு அல்ல.