5,500 ரூபாய் கார்டும் 290 வாட் பெட்டியும்

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மகன் பிளஸ் டூ முடித்து அனிமேஷன் படிப்பில் சேர்ந்திருக்கிறான். வீட்டில் இருப்பது, ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துக்கட்டி, துடைத்து விற்ற கம்ப்யூட்டர். நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், மின்சாரம் வழங்க 290 வாட் எஸ்எம்பிஎஸ். கடை ஒன்றில் பழைய ரேடியான் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டை 5,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளைப் பழகவும் ஓய்வு நேரத்தில் கேம் விளையாடவும் அது போதும் என்கிறான் மகன். கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனிங்கில் ஓடிய கார்டு, ஆறு மாதம்கூடத் தாங்காது என்கிறார் நண்பர். வாங்கலாமா?"

உங்கள் கம்ப்யூட்டருக்கு, உங்கள் மகனின் படிப்புக்கு, இந்தக் கார்டு வேண்டாம். ஆனால் நண்பர் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். ஆர்எக்ஸ் 580இன் அறிவிக்கப்பட்ட மின்தேவை 185 வாட். உங்கள் ஐ5 ரகத்துக்கு 84 வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்தே 269 ஆகிவிடுகிறது. மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாம் மிச்சமிருக்கும் 21 வாட்டில் பிழைக்க வேண்டும். அதுவும் பத்து வருடம் அலுவலகத்தில் உழைத்த எஸ்எம்பிஎஸ். கேம் சூடுபிடிக்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து மறுபடி உயிர்பெறும். கார்டில் கோளாறு என்று நீங்கள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள்.

இன்னொரு சிக்கல், அந்தக் கார்டுக்கு 8 பின் மின்இணைப்பு தேவை. அலுவலகப் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த வயரே இருக்காது. "கவலையே வேண்டாம், நூறு ரூபாய்க்கு அடாப்டர் இருக்கிறது" என்று கடையில் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். ஒரு முனையில் ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா இணைப்பு, மறுமுனையில் 8 பின். அதை வாங்காதீர்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்கக்கூடியது 54 வாட். 8 பின் வழியாக 150 வாட் வரை இழுக்கலாம் என்பது கார்டின் கணக்கு. இடையில் இருக்கும் பிளாஸ்டிக்தான் அந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்லும். உருகிக் கறுத்துப்போன இப்படி ஒரு முனையை என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்வதற்குப் பதில் அதை எடுத்துக் காட்டிவிடுவேன்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிட்டால் ஆயிற்று என்று நினைக்கலாம். சில அலுவலகப் பெட்டிகளில் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பே வழக்கமான 24 பின் கிடையாது, தனி வகை. அதற்கொரு மாற்று வயர், கார்டின் நீளத்துக்கு இடம் விட டிஸ்க் கூண்டைக் கழற்றுவது என்று செலவு போய்க்கொண்டே இருக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கப் போனால், அதற்கே கார்டின் விலையில் பாதியைத் தாண்டிவிடும்.

மின்சாரம் ஒருபுறம் இருக்கட்டும், பிளெண்டர் விஷயத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார்; அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0இல், இறுதிப் படத்தை உருவாக்கும் சைக்கிள்ஸ் ரெண்டரிங்கிலிருந்து, அந்த வேலையை ஏஎம்டி கார்டில் ஓட்ட உதவிய ஓபன்சிஎல் நீக்கப்பட்டது. ஏஎம்டியின் ரேடியான் கார்டுகளுக்கு அதன் இடத்தில் வந்த புதிய வழி, போலாரிஸ் என்ற சிப் குடும்பத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆர்எக்ஸ் 580 அந்தக் குடும்பம்தான். மாடலை உருட்டிப் பார்ப்பதற்கும் பிளெண்டரின் இன்னொரு முறையான ஈவீ ரெண்டருக்கும் கார்டு உதவும். சைக்கிள்ஸில் ரெண்டர் கொடுத்தால் 8 ஜிபி கார்டு கைகட்டி வேடிக்கை பார்க்க, பாவம், நான்கு கோர் ஐ5 மூச்சுவாங்கும். அனிமேஷன் படிக்கும் பையனுக்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

இனி நண்பரின் பயம். ஆர்எக்ஸ் 580 வந்தது 2017 ஏப்ரலில். எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுவதற்குத் தோதான கார்டு என்பதால் கட்டுக்கட்டாக மைனிங்குக்குப் போனது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் அந்த முறையையே கைவிட்டதும் மூட்டைமூட்டையாகச் சந்தைக்குத் திரும்பி வந்தது. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டை ஒதுக்க வேண்டியதில்லை. மைனிங் நடத்தியவர்கள் கரண்ட் பில்லுக்குப் பயந்து சிப்பின் வோல்டேஜைக் குறைத்து, ஒரே சீரான சூட்டில் ஓட்டினார்கள். கேம் விளையாடும் வீட்டில் கார்டு தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி விரிசல் காண்கிறது. மைனிங்கில் அடி வாங்குவது வேறு இடங்கள்: இரவு பகலாகச் சுற்றிய ஃபேன், வேகத்தை ஏற்றிவிட்ட மெமரி சிப்புகள், அவற்றுக்கு மேல் சூட்டைக் கடத்தும், காய்ந்து போன தெர்மல் பேட்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். 2022 கடைசியில் மைத்துனர் மகனுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் இதே கார்டு ஒன்றை வாங்கினேன். கடையில் விண்டோஸ் திரையைக் காட்டினார்கள், பளிச்சென்று இருந்தது. வீட்டில் கேம் போட்டுக் கால் மணி நேரத்தில் திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள், மழைத்தூறல் மாதிரி. கார்டு போய்விட்டது என்றே நினைத்தேன். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்தால் மெமரி வேகம் 2000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2150. யாரோ மைனிங்குக்காக, கார்டை இயக்கும் அடிப்படை நிரலான பயாஸை மாற்றி எழுதியிருக்கிறார்கள். நல்லவேளை, அந்த மாடலின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. இரண்டு பயாஸில் எதைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளினேன். தூறல் நின்றுவிட்டது. கார்டு இன்றும் ஓடுகிறது. ஃபேன் மட்டும் ஒருமுறை மாற்றினோம்.

ஆகவே, எந்தப் பழைய கார்டு வாங்கினாலும் கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க விட வேண்டும். "போட்டால் படம் வருகிறது பாருங்கள்" என்பது சோதனை ஆகாது. பென்டிரைவில் ஜிபியு-இசட், சூடு போன்றவற்றை அளந்து காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ, கார்டை முழு வேகத்தில் வேலை வாங்கும் ஃபர்மார்க் மூன்றையும் எடுத்துப் போங்கள். ஜிபியு-இசட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஷேடர், அதாவது சிப்பிலுள்ள சிறு கணக்கீட்டு அலகுகளின் எண்ணிக்கை. அசல் ஆர்எக்ஸ் 580இல் 2304 இருக்கும். 2018இல் சீனச் சந்தைக்கென்று 2048 ஷேடருடன் ஒன்று வந்தது. உண்மையில் அது ஆர்எக்ஸ் 570தான், சட்டையை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டது. பெட்டியின் மேல் "580, 8 ஜிபி" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். புத்தம் புதியது, விலையோ மலிவு என்று இணையத்தில் வருபவற்றில் பல இந்த ரகம்.

பிறகு ஃபர்மார்க்கை ஓடவிட்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் சூட்டையும், மெமரி பிழைகள் என்ற வரியையும் கவனியுங்கள். பிழை எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று ஏறத் தொடங்கினால் அந்தக் கார்டைக் கழற்றச் சொல்லிவிடுங்கள். சூடு 75 டிகிரியை ஒட்டி நின்றால் நல்லது. 85ஐத் தாண்டினால், சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அது தீர்க்கக்கூடிய குறைதான், விலையில் கழித்துக்கொள்ளலாம். ஓட்டி முடித்து, கார்டு ஆறியதும் கையில் வாங்கிப் பாருங்கள். ஃபேனை விரலால் மெதுவாகச் சுற்றினால் சொரசொரப்பில்லாமல் சுற்றி நிற்க வேண்டும். உலோகப் பட்டையிலும் திருகுகளிலும் துரு இருந்தால் கடற்கரை ஊரில் ஏதோ கொட்டகையில் ஓடியிருக்கிறது. பலகையில் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் தண்ணீரில் கழுவி உலர்த்தியிருக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

"சின்ன பிரச்சினை இருந்தது, ரீபால் செய்துவிட்டோம்" என்று சொன்னால் அங்கே நிற்கவே நிற்காதீர்கள். சூடு காட்டினால் செத்த கார்டு பிழைக்கும் என்ற நம்பிக்கை, 2008 வாக்கில் என்விடியாவின் மடிக்கணினி சிப்புகள் கூட்டமாகப் பழுதான காலத்தில் ஊன்றியது. அந்தப் பழுதுக்காக அந்த நிறுவனமே 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. கோளாறு, சிப்பின் சிலிக்கனுக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவே இருந்த நுண்ணிய ஈயப் புள்ளிகளில். ரீபால் என்று ஈயக் குண்டுகளை மாற்றி ஒட்டுவதோ அதற்குக் கீழே, அடித்தட்டுக்கும் பலகைக்கும் நடுவே. சூட்டில் விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், சில வாரம் ஓடும், வாரண்டி முடிந்த மறுநாள் படுத்துவிடும். கார்டை அடுப்பில் வைத்துப் பிழைக்க வைத்தேன் என்று சொல்பவர்களிடம், மூன்று மாதம் கழித்து விசாரித்துப் பாருங்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? உங்கள் பெட்டிக்கு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 தேடுங்கள். 75 வாட் கார்டு. மதர்போர்டின் ஸ்லாட்டே அந்த மின்சாரத்தைக் கொடுத்துவிடும், எஸ்எம்பிஎஸ்ஸைத் தொட வேண்டியதில்லை. சில மாடல்களில் 6 பின் இணைப்பு இருக்கும், அவற்றைத் தவிருங்கள். பெட்டி ஒல்லி ரகமானால் அரை உயரக் கார்டாகக் கேளுங்கள். நினைவகம் 4 ஜிபிதான், கேமில் 580ஐவிடச் சற்றுப் பின்தங்கும். ஆனால் பிளெண்டரில் சைக்கிள்ஸ் கார்டிலேயே ஓடும், அதுதான் படிப்புக்கு வேண்டியது. கையில் கொஞ்சம் மிஞ்சினால் ராமை 16 ஜிபி ஆக்குங்கள்.

ஜிடிஎக்ஸ் 1060ஐக் காட்டி ஆசை காட்டுவார்கள். அதற்கு 120 வாட்டும் தனி மின்இணைப்பும் வேண்டும். அதிலும் பெயர் விளையாட்டு உண்டு: 6 ஜிபி கார்டில் 1280 கோர், 3 ஜிபி கார்டில் 1152. அந்தத் தலைமுறைக்கு என்விடியா புதிய கேம் டிரைவர் தருவதையும் 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்.

ஆர்எக்ஸ் 580ஐ ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு விற்க ஓட வேண்டாம். 500 வாட் நல்ல எஸ்எம்பிஎஸ் இருந்து, கேம் மட்டுமே நோக்கம் என்றால் 1080பி திரைக்கு அது இன்னும் உழைக்கும் கார்டு. ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங்கைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய கேம்கள் அதில் நடக்காது. வருடத்துக்கு ஒருமுறை பேஸ்ட்டை மாற்றுங்கள். தெர்மல் பேடை மாற்றுவதாக இருந்தால் பழையதன் தடிமனை அளந்து அதே அளவில் வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடிவிட்டால்கூட ஹீட்சிங்க் சிப்பின்மேல் சரியாக உட்காராது.

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டு மானிட்டரின் பின்புறத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே நீல நிற விஜிஏ சாக்கெட் மட்டும்தான் இருக்கிறது என்றால், இங்கே சொன்ன எந்தக் கார்டோடும் அது நேரடியாகச் சேராது. ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றையும் சேர்த்துக் கேட்டு, அதைக் கடையிலேயே பொருத்திப் படம் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.