சடங்கு முடியட்டும் என்றது யார்?

கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஐந்து கிழமை உடம்புக்கு வெளியிலிருந்து கதிர் (வெளிக்கதிர்) கொடுத்து, முடிந்து ஒன்பது நாளாகிறது. இனி உள்ளே கதிர் வைக்க வேண்டுமாம். இரண்டு மூன்று நாள் படுக்கவைத்து மெதுவாகக் கொடுப்பது நல்லதா, சில நிமிடங்களாக நாலைந்து தடவை கொடுப்பது நல்லதா? அடுத்த மாதம் எங்கள் குடியின் கண்ணகி அம்மன் சடங்கு. பொங்கல் பானை வைக்க அம்மா வேண்டும். அது முடிந்துதான் போகப்போகிறோம்.
– மட்டக்களப்பு வாசகி

மகள், நீங்கள் கேட்டதற்குப் பதில் சிறியது. மெதுவான முறையில் கருவியை உள்ளே வைத்தபடி தனி அறையில் அசையாமல் கிடக்க வேண்டும். வேகமான முறையில் இரிடியம் 192 என்ற கதிர் வீசும் சிறு உலோகத் துண்டு குழாய் வழியே உள்ளே போய்ச் சில நிமிடங்களில் மெஷினுக்கே திரும்பிவிடும். உடம்பில் கதிர் தங்காது. பேரப்பிள்ளைகளை மடியில் வைத்திருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், உயிர் பிழைப்பதிலோ நோய் திரும்ப வருவதிலோ பெரிய வித்தியாசம் இல்லை. இப்போது பெரும்பாலும் கொடுப்பது வேகமான முறைதான். டொக்டர் சொல்வதைச் செய்யுங்கள்.

ஆனால் கடைசியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, 'சடங்கு முடிந்துதான்' என்று, அது எனக்குக் கோபத்தைத் தந்தது. முதல் வெளிக்கதிர் கொடுத்த நாளிலிருந்து எட்டுக் கிழமைக்குள் உள்கதிரும் முடிய வேண்டும். பிந்துகிற ஒவ்வொரு நாளும் நோய் அடங்கும் வாய்ப்பைக் குறைக்கும். உங்களுக்கு ஆறு கிழமை தாண்டிவிட்டது. இன்னும் ஒரு மாதம் என்றால் பத்தைத் தாண்டும். எந்த முறை என்று ஆராய்கிறீர்கள், நாட்களை எண்ணவில்லை. வெளிக்கதிர் முடிந்தது, பாதிக்குமேல் ஆயிற்று என்ற நினைப்பும் வேண்டாம். கர்ப்பப்பை வாயில் மிஞ்சிய கட்டிக்குப் போதுமான அளவு கதிரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த உள்கதிர்தான்.

'போகப்போகிறோம்' என்று யார் தீர்மானித்தது? அம்மாவா? அவர் சரி என்றிருப்பார். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் சரி என்றவர்தானே. புற்றுநோயோடு இருக்கிற தாய் அடுப்பில் நின்றால்தான் பானை பொங்கும் என்றால், வீட்டில் மற்றவர்கள் எதற்கு? நீங்கள் வையுங்கள் பானையை. அண்ணன் தம்பி இருந்தால் விறகு எடுக்கட்டும். அம்மன் அம்மாவைத்தான் கேட்டாள் என்று எவரும் சொன்னால், அவரை என்னிடம் அனுப்புங்கள். தாயைக் காப்பது பிள்ளையின் முதல் கடமை. சடங்கு அதற்குப் பிறகு.

நாளைக் காலையிலேயே கிளினிக் புத்தகத்தோடு போய், வெளிக்கதிர் தொடங்கிய திகதியைக் காட்டி, கிட்டிய நாளைக் கேளுங்கள். நாள் கிடைத்ததும் குடியாருக்கு நீங்களே சொல்லுங்கள், அம்மாவைச் சொல்லவிடாதீர்கள்.